தொட்டி மிளகாய்ச் செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது: விரல், குச்சி, எடை, கருவி, இலை ஆகியவற்றின் ஒப்பீடு

நிலத்தில் நட்ட மிளகாய்ச் செடி, மேல்மண் காய்ந்தால் இன்னும் சற்று ஆழத்தில் வேரோட்டித் தண்ணீரைத் தேடிக்கொள்ளும். தண்ணீர் மிகுந்தால் அது கீழே இறங்கிப் போக மண்ணில் இடம் இருக்கும். தொட்டியில் நட்ட செடிக்கு இந்த இரண்டு வசதிகளும் இல்லை. 10 லிட்டர் தொட்டி என்றால், அதில் நிரப்பிய நடவுக் கலவைக்குள் இருக்கும் ஈரம்தான் அதன் முழுச் சேமிப்பு. அதே கலவையில் தண்ணீர் தேங்கினால் விலகிப் போகவும் வேருக்கு வழி கிடையாது. ஆகவே தொட்டியில் மிளகாயோ குடைமிளகாயோ வளர்ப்பவர் நாள்தோறும் ஒரே முடிவைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது: இன்று ஊற்றுவதா, பொறுத்திருப்பதா? நாள் குறித்து ஊற்றுவோர் உண்டு; விரலை விட்டுப் பார்ப்போர், குச்சி செருகிப் பார்ப்போர், தொட்டியைத் தூக்கிப் பார்ப்போர் உண்டு; ஈரமானியை நம்புவோரும், இலை வாடும்வரை காத்திருப்போரும் உண்டு. இந்த முறைகள் ஒவ்வொன்றும் உண்மையில் எதை அளக்கின்றன, எங்கே ஏமாற்றுகின்றன, எந்தத் தொட்டிக்கு எது ஏற்றது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையால் தூக்கக்கூடிய தொட்டி எதுவானாலும் எடையே முதன்மைச் சான்று, மற்றவை அதற்குத் துணை. தூக்க முடியாத தொட்டிக்கு மட்டும் இந்த வரிசை மாறும்.

முடிவு தவறினால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ஏனெனில் இரு பக்கத் தவறுகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. வேரும் சுவாசிக்கும் உறுப்புதான். கலவையின் இடுக்குகளில் காற்று இருக்கும்வரை ஆக்சிஜன் தடையின்றி வேரை அடைகிறது. அந்த இடுக்குகள் தண்ணீரால் நிரம்பிவிட்டால், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கு வேகத்திலேயே ஆக்சிஜன் தண்ணீரில் பரவும் என்பதால், வேர்நுனிகள் மூச்சுத் திணறி மடியத் தொடங்குகின்றன. அப்படி நலிந்த வேரைப் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் எளிதில் தாக்கும்; இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திச் செல்பவை என்பதால் தேங்கிய ஈரமே அவற்றுக்குப் பாதையாகிறது. மிளகாயின் பேரினப் பெயரான கேப்சிகம் என்பதைத் தாங்கிய பைட்டோப்தோரா கேப்சிசி என்னும் இனம், நியூ மெக்சிகோவின் மிளகாய்ச் செடிகளில் கண்ட நோயிலிருந்து 1922இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மறுபக்கம், தண்ணீர் குறைந்தால் செடி பூவையும் பிஞ்சையும் உதிர்க்கும். காய்வதும் நனைவதும் மாறிமாறி வந்தால், தண்ணீரோடு சேர்ந்தே மேலேற வேண்டிய கால்சியம் வளரும் காய்க்கு ஒழுங்காகப் போய்ச் சேராமல், காயின் நுனிப்பகுதி பழுப்பேறிக் குழிந்து அழுகும். எனினும் வறட்சியால் தொங்கிய செடி, உரிய நேரத்தில் தண்ணீர் கிடைத்தால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். அழுகிய வேர் மீளாது. ஐயம் இருக்கும்போது பொறுத்திருக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு இதுவே அடிப்படை. ஆனால் பூத்துக் காய்க்கும் செடிக்கும், கடும் வெயிலில் நிற்கும் சிறு தொட்டிக்கும் அந்த அறிவுரை பொருந்தாது.

தொட்டிக்கே உரிய இன்னொரு செய்தியையும் விளங்கிக்கொண்டால்தான் இந்த ஒப்பீடு பொருள்படும். வடிகால் துளை எத்தனை இருந்தாலும், ஊற்றிய தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும், தொட்டியின் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குக் கலவை ஏறக்குறைய முழுமையாக நனைந்தே நிற்கும். கலவையின் நுண்துளைகள் அந்த உயரம்வரை புவியீர்ப்பை எதிர்த்துத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நன்றாக நனைந்த பஞ்சுக்கட்டி ஒன்றைப் படுக்கையாகப் பிடித்திருக்கும்போது சொட்டாமல் நின்ற தண்ணீர், அதை நிமிர்த்திப் பிடித்தவுடன் கீழ்நுனி வழியாகச் சொட்டுவதைக் காணலாம். அதுபோலவே, ஒரே கலவையை நிரப்பினாலும் தாழ்வான அகன்ற தொட்டி அதிக ஈரமாகவும், உயரமான தொட்டி சற்றே உலர்வாகவும் இருக்கும். அடியில் கூழாங்கல்லோ ஓட்டுச் சில்லோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் அந்த நனைந்த அடுக்கு கற்களுக்கு மேலே ஏறி நிற்கிறது, வேருக்கு உரிய இடம்தான் குறைகிறது. ஆகவே தொட்டியின் மேற்பரப்பும் அடிப்பகுதியும் ஒரே நேரத்தில் இருவேறு நிலைகளில் இருக்கும். ஓர் இடத்தை மட்டும் தொட்டுப் பார்க்கும் எந்த முறையும் பாதி உண்மையையே சொல்லும்.

நாள் குறித்து ஊற்றும் முறையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம், வெளிச்சம், காற்று ஆகிய மூன்றும் மாறாத அறைக்குள், விளக்கொளியில் வளரும் செடிக்கு அது ஓரளவு பொருந்தும். வெளியில் நிற்கும் செடிக்குப் பொருந்தாது. ஏனெனில் செடியின் தண்ணீர்த் தேவையைத் தீர்மானிப்பவை இலைப்பரப்பு, வெயில், காற்றின் வறட்சி, காற்றின் வேகம் ஆகியவையே அன்றி, கடைசியாக ஊற்றிய நாளிலிருந்து எத்தனை நாள் கடந்தது என்பது அல்ல. பெரிய தொட்டிக்கு அப்போதுதான் மாற்றிய இளஞ்செடி ஒரு வாரம்கூடத் தாங்கும். அதே தொட்டியில் அதே செடி வளர்ந்து காய் பிடித்திருக்கும்போது, வறண்ட காற்று வீசும் நாளில் காலையில் ஊற்றியது மாலைக்குப் போதாமல் போகலாம். மழை பெய்த நாளில் ஊற்றாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். அடர்ந்த இலைகள் குடைபோல் கவிந்து மழைநீரைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடுவதால், நனைந்து நிற்கும் செடியின் தொட்டிக்குள் கலவை காய்ந்து கிடக்கலாம். நாட்காட்டிக்கு ஒரு நல்ல பயன் உண்டு: ஊற்றும் நாளைக் குறிக்காமல், தொட்டியைப் பார்க்கும் நேரத்தைக் குறிக்கலாம். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், பின்வரும் முறைகள் அனைத்தும் இன்னும் நம்பத்தக்கவையாகின்றன.

விரல் முறையே எல்லோருக்கும் கைவந்தது, செலவும் இல்லை. மேற்பரப்பைத் தடவிப் பார்ப்பதை இந்த முறையாகக் கருதக் கூடாது. வெயிலும் காற்றும் படும் மேல் அடுக்கு, ஊற்றிய சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும்; குறிப்பாகத் தேங்காய் நார்க்கழிவு சேர்ந்த கலவையில் மேற்பரப்பு வெளிறி உலர்ந்து தோன்றும்போது அதன் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் நல்ல ஈரம் இருக்கும். விரலை இரண்டாம் கணுவரை, அதாவது 5 சென்டிமீட்டர் அளவுக்கு, தண்டுக்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கே குளிர்ச்சியும் ஒட்டும் தன்மையும் தெரிந்தால் பொறுக்கலாம்; துகள்கள் உதிரியாக, விரலில் ஒட்டாமல் இருந்தால் ஊற்றலாம். 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டிவரை இது நல்ல முறை.

அதைவிட ஆழமான தொட்டியில் விரல் இரண்டு வகையில் ஏமாற்றுகிறது. ஒன்று, விரல் எட்டும் பகுதி காய்ந்திருக்க, அடியில் முன்சொன்ன நனைந்த அடுக்கு அப்படியே நிற்கலாம். செடி சிறியதாகவும் வேர் இன்னும் கீழே பரவாமலும் இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. விரலை மட்டும் நம்பி மீண்டும் மீண்டும் ஊற்றினால், வேர் கீழே இறங்கும் முன்பே அடிக்கலவை புளித்துப் போகும். மற்றொன்று இதற்கு நேர்மாறானது. முற்றிலும் காய்ந்துபோன கரிப்பாசி (பீட் மாஸ்) கலவை தண்ணீரை ஏற்காது. அது சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடுவதால், ஊற்றிய தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடி அடியில் கொட்டிவிடும். மேலே தொட்டால் ஈரம், கீழே துளையிலும் சொட்டு, நடுவில் வேர்த்திரள் எலும்புபோல் காய்ந்திருக்கும். விரலுக்கு இந்த நிலை தெரியவே தெரியாது. தொட்டியைத் தூக்கிப் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆழத்தைச் சோதிக்க விரலைவிடக் குச்சி மேலானது. வண்ணமோ பூச்சோ இல்லாத மூங்கில் குச்சியையோ மெல்லிய மரக்குச்சியையோ விளிம்புக்குச் சற்று உள்ளே, தொட்டியின் அடி தட்டுப்படும்வரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பார்த்தால், ஈரம் பட்ட நீளம் கருமையேறி, துகள்கள் ஒட்டி, தனியாகத் தெரியும். எந்த ஆழத்தில் ஈரம் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் காட்டும் எளிய முறை இதுதான். அடி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் ஈரம் இருந்து மேலே உலர்ந்திருந்தால், வேர் நிறைந்த வளர்ந்த செடிக்கு ஊற்றும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதே அடையாளம் புதிதாக நட்ட இளஞ்செடியில் தெரிந்தால், செடியைச் சுற்றி மட்டும் சிறிதளவு ஊற்ற வேண்டும் என்று பொருள். ஒவ்வொரு நாளும் புதிய இடத்தில் குத்தினால் நுண்வேர்கள் அறுபடும் என்பதால், ஒரே துளையை ஒரு பக்கத்தில் நிலையாக வைத்துக்கொள்வது நல்லது.

பலர் கவனிக்காமல் விடும் இடம் வடிகால் துளை. தொட்டியைச் சாய்த்து, துளை வழியாக விரல்நுனியால் அடிக்கலவையைத் தொட்டால், மேலிருந்து எட்டாத செய்தி கிடைக்கிறது. அங்கே சொதசொதப்பும் புளித்த வாடையும் இருந்தால், மேற்பரப்பு எவ்வளவு காய்ந்து தோன்றினாலும் அன்று தண்ணீர் ஊற்றக் கூடாது. சுட்ட மண் தொட்டியாக இருந்தால் விரல் கணுவால் தட்டிப் பார்க்கும் முறையும் உண்டு: ஈரமான தொட்டி மந்தமாக ஒலிக்கும், காய்ந்த தொட்டி கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்ட தொட்டியிலும் பிளாஸ்டிக் தொட்டியிலும் இது பயன்படாது. தொட்டி எதனால் ஆனது என்பது இன்னொரு வகையிலும் முக்கியம். மண் தொட்டியின் சுவர் வழியாகவே தண்ணீர் ஆவியாவதால், அதே அளவுள்ள பிளாஸ்டிக் தொட்டியைவிட அது வேகமாகக் காயும்; ஒன்றைப் பார்த்து மற்றொன்றுக்கு முடிவு செய்யக் கூடாது.

இனி எடை. தொட்டியில் நாளுக்கு நாள் மாறுவது பெரும்பாலும் தண்ணீர் மட்டுமே. கலவை அப்படியே இருக்கிறது, தொட்டி அப்படியே இருக்கிறது, செடியின் வளர்ச்சி ஒரு நாளில் சில கிராம் அளவே கூடும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ என்பதால், எடையில் குறைந்தது அனைத்தும் செடி உறிஞ்சி வெளிவிட்டதும் ஆவியாகிப் போனதும்தான். மேல், நடு, அடி என்ற வேறுபாடு இல்லாமல் தொட்டி முழுவதற்கும் சேர்த்து விடை தருவது இந்த முறை ஒன்றே. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1724இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியின் மண்பரப்பை ஈயத் தகட்டால் மூடி, காலையிலும் மாலையிலும் தொட்டியை எடைபோட்டு, செடி இலை வழியாக வெளிவிடும் தண்ணீரைக் கணக்கிட்டார். பகலில் சராசரியாக அரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்ததை அவர் பதிவு செய்தார். தாவரத்தின் நீராவிப்போக்கை அளவிட்டு அறிந்த தொடக்ககாலச் சோதனைகளில் ஒன்றே தொட்டியை எடைபோடுவதாக அமைந்தது எனக்குப் பெருமதிப்பை ஏற்படுத்துகிறது. அவருடைய தராசைவிட நுட்பமான தராசு இன்று எளிதில் கிடைக்கிறது.

எடை முறையைக் கையாளத் தொடக்கத்தில் சிறிது உழைப்பு தேவை. முதலில் கலவை முழுவதும் நனையும்படி ஊற்றி, ஒரு மணி நேரம் வடியவிட்டு எடைபோட வேண்டும். அது நிறைந்த எடை. பிறகு, செடி இன்னும் பூக்காத பருவத்தில் ஒரே ஒரு முறை மட்டும், கொழுந்து இலைகள் காலையிலேயே லேசாகத் தளரும்வரை விட்டு எடைபோட வேண்டும். அது கீழ் எல்லை. எடுத்துக்காட்டாக, ஒரு 10 லிட்டர் தொட்டி நிறைந்த நிலையில் 7 கிலோவும் தளர்ந்த நிலையில் 4.5 கிலோவும் இருந்தால், செடிக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீர் 2.5 லிட்டர் என்று பொருள். அதில் எவ்வளவு குறைந்ததும் ஊற்றுவது என்பதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட பயிர் நீர்த்தேவைக் கணக்கீட்டில், செடி தளர்ச்சி அடையாமல் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு தக்காளிக்கு 40 சதவீதம் என்றும், குடைமிளகாய்க்கு 30 சதவீதம் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. தக்காளியைவிட மிளகாய் முன்னதாகவே தண்ணீர் கேட்கும் செடி என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்த எண் வயல் மண்ணுக்கு உரியது என்றாலும், தொட்டிக்கும் அதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். என் பரிந்துரை, பூக்கும் முன் ஏறத்தாழப் பாதி குறைந்ததும், பூத்துக் காய்க்கும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் ஊற்றுவது. மேற்கண்ட தொட்டியில் அது முறையே 5.75 கிலோ, ஏறத்தாழ 6.2 கிலோ என்று வரும்.

தராசு இல்லாமலும் இதைச் செய்யலாம். நிறைந்த நிலையிலும் காய்ந்த நிலையிலும் சிலமுறை தூக்கிப் பார்த்தாலே கைக்கு வேறுபாடு பழகிவிடும். முழுவதும் தூக்க வேண்டியதுகூட இல்லை, ஒரு விளிம்பைப் பிடித்துச் சற்றே சாய்த்தால் போதும். கிராம் கணக்கு கைக்குத் தெரியாது. பாதிக்குப் பாதி குறைந்தது நிச்சயமாகத் தெரியும். நாற்றுத் தட்டுகளுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. குழிகள் மிகச் சிறியவை என்பதால் அங்கே விரலும் குச்சியும் வேரைக் குலைக்கும். தட்டின் எடையோ ஒரு கையால் தூக்கியவுடன் விளங்கிவிடும்.

எடை முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. காய்ப்புக் காலத்தில் செடியின் சொந்த எடை கணிசமாகக் கூடுகிறது. ஒவ்வொன்றும் 150 கிராம் எடையுள்ள ஆறு குடைமிளகாய்கள் தொங்கும் செடியில் காய் மட்டுமே 900 கிராம். அந்த எடை தொட்டியின் ஈரமாகக் கணக்கில் வந்துவிட்டால், காய்ந்த தொட்டியும் ஈரமானதாகத் தோன்றும். அறுவடை செய்த மறுநாளோ நேர்மாறாக, ஈரமான தொட்டி காய்ந்ததாகத் தோன்றி அதிகம் ஊற்றத் தூண்டும். ஆகவே காய்ப்புக் காலத்தில் வாரம் ஒரு முறையும், ஒவ்வொரு அறுவடைக்குப் பின்பும், நிறைந்த எடையைப் புதிதாகக் குறித்துக்கொள்வது அவசியம். குறைந்தது எவ்வளவு என்பதை அந்தப் புதிய எண்ணிலிருந்தே கணக்கிட வேண்டும். சிறுகாய் மிளகாய் வகைகளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. மண் கலந்த கனமான கலவையில் தண்ணீரின் பங்கு மொத்த எடையில் சிறியதாக இருப்பதால், கையால் தூக்கும்போது வேறுபாடு மங்கலாகவே தெரியும். அங்கே தராசு வேண்டும். 20 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியைத் தூக்குவது முதுகுக்குக் கேடு, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவிகள் பற்றிப் பேசும்போது மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்; மூன்றையும் ஈரமானி என்ற ஒரே பெயரால் அழைப்பதால் குழப்பம் வருகிறது. மின்கலம் இல்லாமல் இயங்கும் மலிவான ஊசிக் கருவி, இரு வேறு உலோகங்களுக்கு இடையே எழும் சிறு மின்னோட்டத்தைக் காட்டுகிறது. அந்த மின்னோட்டம் ஈரத்தால் மட்டுமன்றி உப்பாலும் கூடும். உரம் இட்ட மறுநாள் அது அதிக ஈரம் காட்டும்; தேங்காய் நார்க்கழிவும் பெர்லைட் என்னும் இலேசான வெண்ணிறக் கல்துகளும் கலந்த தளர்வான கலவையில் உலோகத்தோடு தொடர்பு குறைவதால், ஈரமான இடத்தையும் காய்ந்ததாகக் காட்டும். இதில் தெரியும் எண்ணுக்கு நிலையான பொருள் இல்லை. ஒரே தொட்டியில், ஒரே இடத்தில், உரமிடும் நாளைத் தவிர்த்துப் பார்த்தால், நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று அறிய மட்டும் உதவும். விரலும் குச்சியும் இருக்கும்போது இதற்குச் செலவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

மின்தேக்குத் திறனை அளக்கும் உணரி இதைவிட மேலானது. ஒரு பொருள் மின்னேற்றத்தைத் தேக்க எவ்வளவு உதவும் என்பதைக் காட்டும் எண்ணான மின்காப்பு மாறிலி, தண்ணீருக்கு ஏறத்தாழ 80, காற்றுக்கு 1, உலர்ந்த மண் துகள்களுக்கு 3 முதல் 5 வரை. இந்தப் பெரிய வேறுபாட்டை அது பயன்படுத்துவதால் உப்பின் தாக்கம் குறைகிறது. ஆனால் எந்தக் கலவைக்கு எந்த எண் என்பதை வளர்ப்பவரே ஒப்பிட்டு நிறுவ வேண்டும். உணரிக்கும் கலவைக்கும் நடுவே சிறிதளவு காற்று இடைவெளி விழுந்தாலும் அளவு தவறிவிடும். ஒப்பிட்டு நிறுவ எதைக் கொண்டு ஒப்பிடுவது என்று கேட்டால், மீண்டும் தொட்டியின் எடையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பல தொட்டிகளைத் தானியங்கிக் குழாயோடு இணைத்து வளர்ப்பவருக்கு இந்த உழைப்பு பயன் தரும். நான்கைந்து தொட்டிகள் வைத்திருப்பவருக்குத் தராது.

மூன்றாவது, டென்சியோமீட்டர் எனப்படும் இழுவிசைமானி. நுண்துளைக் களிமண் முனை கொண்ட, தண்ணீர் நிரம்பிய மூடிய குழாய் அது. கலவை காயக் காய முனை வழியாகத் தண்ணீர் வெளியே இழுக்கப்படுவதால் குழாயில் ஏற்படும் வெற்றிட அழுத்தத்தைக் கிலோபாஸ்கல் என்னும் அழுத்த அலகில் காட்டுகிறது; எண் கூடக் கூடக் கலவை உலர்ந்திருக்கிறது என்று பொருள். வேர் தண்ணீரைப் பெறச் செலவிட வேண்டிய விசையையே அது அளக்கிறது என்பதால், கொள்கை அளவில் கருவிகளுள் நேர்மையானது இதுவே. இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. வயலில் தண்ணீர் வடிந்து ஈரமாக இருக்கும் மண்ணே 10 முதல் 33 கிலோபாஸ்கல்வரை காட்டும். தொட்டிக் கலவையிலோ, செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் பெரும்பாலும் 1 முதல் 5 கிலோபாஸ்கலுக்குள் அடங்கிவிடும். 10 கிலோபாஸ்கலை எட்டும்போது சேமிப்பு தீரும் தறுவாயில் இருக்கும். வயல் விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட எண்ணைத் தொட்டிக்கு அப்படியே எடுத்தால் செடி வாடிய பிறகே கருவி அந்த எண்ணை எட்டும். தூக்க முடியாத பெரிய தொட்டிகளுக்கு, குறைந்த இழுவிசையை நுட்பமாகக் காட்டும் வகையை வாங்க முடிந்தவருக்கு, இது நல்ல தேர்வு. குழாயில் காற்று புகாமல் அவ்வப்போது தண்ணீர் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இலையைப் பார்த்து முடிவு செய்யும் முறையை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அது பொய் சொல்கிறது என்பதல்ல; தாமதமாகச் சொல்கிறது என்பதுதான். தண்ணீர் குறையத் தொடங்கியதும் செடி முதலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அப்போதே ஒளிச்சேர்க்கை குறைந்து வளர்ச்சி தளர்கிறது. கண்ணுக்குத் தெரியும் வாடல் அதற்குப் பிறகே வருகிறது. இலைக்காம்பு வளைந்து தொங்கும் நாளில், மொட்டும் பிஞ்சும் உதிர்வதற்கான ஏற்பாடு செடிக்குள் தொடங்கியிருக்கக் கூடும். கூர்ந்து பார்ப்பவருக்கு வாடலுக்கு முந்தைய அடையாளம் ஒன்று உண்டு: இலையின் பளபளப்பு குறைந்து சாம்பல் பூத்த பச்சையாக மாறும், கொழுந்து இலைகள் கிடைமட்டத்திலிருந்து சற்றே தாழும். நாள்தோறும் அதே செடியைப் பார்ப்பவரால் மட்டுமே இதைப் பிடிக்க முடியும்.

அதைவிட முக்கியமானது, வாடல் எல்லாம் வறட்சியால் வருவதில்லை என்பது. உச்சிவெயிலில், வேர் ஏற்றும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடிவிட்டால், கலவை முழுவதும் ஈரமாக இருக்கும்போதே இலைகள் தளரும். மாலையில் தாமாக நிமிர்ந்துவிடும். நண்பகல் வாடலைக் கண்டு ஊற்றுபவர், நிறைந்த தொட்டியை மேலும் நிறைக்கிறார். குடைமிளகாய் போன்ற அகன்ற இலை வகைகளில் இது அடிக்கடி நிகழும். அதிகாலையில் வாடியிருந்தால் மட்டுமே அதைத் தண்ணீர்க் குறைவு என்று முதலில் ஐயப்பட வேண்டும். அப்போதும் தொட்டியைத் தூக்கிப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். தொட்டி கனமாக இருந்து காலையிலும் செடி வாடியிருந்தால் செய்தி வேறு. வேர் மூச்சுத் திணறியிருக்கலாம், அழுகியிருக்கலாம், பாக்டீரியா வாடல் நோய் தண்டின் குழாய்களை அடைத்திருக்கலாம். அடித்தண்டு கருத்திருக்கிறதா, கீழிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றனவா, இலையின் அடிப்புறத்தில் சிறு கொப்புளங்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தக் கொப்புளங்கள், இலை வெளிவிடக்கூடியதைவிட அதிகமாக வேர் தண்ணீரை ஏற்றியதால் வருபவை. மிளகாயில் அவற்றைப் பூச்சித் தாக்குதல் என்று கருதி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. மேற்பரப்பைச் சுற்றிச் சிறு கருப்பு ஈக்கள் எழுந்து பறப்பதும், மேல் அடுக்கு காயவே இடம் கொடுக்காமல் ஊற்றி வருவதன் அடையாளம்.

காரம் கூடுவதற்காகச் செடியை வாடவிட வேண்டும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். தண்ணீர்க் குறைவில், காரத்தைத் தரும் காப்சைசின் என்னும் பொருளின் அளவு கூடுவது சில வகைகளில் காணப்பட்டிருக்கிறது. எல்லா வகைகளிலும் அது நிகழ்வதில்லை, விளைச்சலும் காயின் அளவும் குறைவது மட்டும் பெரும்பாலும் நிகழ்கிறது. தொட்டியில் இதற்கான இடைவெளி மிகக் குறுகியது. வயலில் சில நாட்களில் மெல்ல ஏறும் வறட்சி, தொட்டியில் ஒரே பிற்பகலில் எல்லை தாண்டிவிடும். ஆகவே இதைத் தண்ணீர் ஊற்றும் முறையாகக் கொள்வதை நான் ஆதரிக்கவில்லை.

எந்த முறையில் முடிவெடுத்தாலும், ஊற்றும்போது முழுமையாக ஊற்ற வேண்டும். ஏனெனில் அரைகுறையாக நனைந்த தொட்டியில் மேற்கண்ட சோதனைகள் எல்லாமே அடுத்த நாள் தவறான விடை தரும். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரை அடித்துளை வழியாக வெளியேறினால், உரத்தின் உப்பும் கழுவப்பட்டுவிடும். தட்டில் தேங்கியதை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். ஊற்றிய உடனே அடியில் கொட்டினால் அது நிறைந்ததற்கான அடையாளம் அல்ல, கலவை தண்ணீரை ஏற்கவில்லை என்பதற்கான அடையாளம். சிறிது ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு மீண்டும் ஊற்றுவதோ, தொட்டியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அரை மணி நேரம் வைப்பதோ அதைச் சரிசெய்யும். வழக்கமான நேரம் காலை. ஆனால் எடை குறைந்து, செடி பிற்பகலில் உண்மையான வறட்சியால் தொங்கினால், மறுநாள் காலைவரை காத்திருக்கத் தேவையில்லை.

இவற்றை வைத்துத் தேர்வு செய்தால், நாற்றுத் தட்டுக்கும் 15 லிட்டருக்குக் குறைந்த தொட்டிகளுக்கும் தூக்கிப் பார்ப்பதையே நாள்தோறும் செய்வேன். ஐயம் வரும் நாளில் மட்டும் வடிகால் துளையைத் தொடுவேன். தூக்க முடியாத தொட்டிக்கு அடிவரை செருகிய குச்சியும், வசதி இருந்தால் இழுவிசைமானியும் போதும். பல தொட்டிகள் ஒரே அளவில், ஒரே கலவையில் இருந்தால், காற்று அதிகம் படும் ஓரத் தொட்டி ஒன்றையும் நடுவில் நிழலில் நிற்கும் தொட்டி ஒன்றையும் தராசில் வைத்துப் பார்த்து, மற்றவற்றுக்கு அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட முடிவை எடுக்கலாம். குளிர்காலத்தில் கவாத்து செய்து உள்ளே வைத்த செடிக்கு இலையே இல்லாததால் தேவை மிகச் சிறியது. அதற்கு எடை ஏறக்குறைய கீழ் எல்லையை நெருங்கும்வரை ஊற்ற வேண்டாம், அந்தப் பருவத்தில் செடிகள் இறப்பது பெரும்பாலும் வறட்சியால் அன்று, ஈரத்தால்தான்.

சில நாட்கள் வெளியூர் செல்பவருக்குத் திரி வழியாக அடியிலிருந்து தண்ணீர் ஏறும் தொட்டி ஒரு மாற்றுவழி. அதில் எப்போது ஊற்றுவது என்ற கேள்வி, அடித்தொட்டி எப்போது காலியாகும் என்ற எளிய கேள்வியாக மாறிவிடுகிறது. மேல்நோக்கியே தண்ணீர் நகர்வதால் உப்பு மேற்பரப்பில் படியும். சில வாரங்களுக்கு ஒரு முறை மேலிருந்து ஊற்றிக் கழுவ வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் செடியை இன்னொருவரிடம் ஒப்படைப்பதாக இருந்தால், விரல் எப்படி உணர வேண்டும் என்று விளக்குவதைவிட, ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் நிறைந்த எடை, எந்த எடைக்குக் குறைந்தால் ஊற்ற வேண்டும் என்ற எடை என்று இரண்டு எண்களை எழுதி ஒட்டி, அருகில் ஒரு தராசை வைத்துவிட்டுப் போகலாம். செடி வளர்த்தே அறியாதவரும் அந்த இரண்டு எண்களைப் பார்த்துச் சரியாக ஊற்றிவிடுவார்.